இராஜகோபாலாச்சாரியும் பள்ளிக் கல்வி மொழியும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) வழக்கறிஞர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், அரசியல் தலைவர் ஆவார். இராஜாஜி எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டார். இருமுறை சென்னை மாகாண முதலமைச்சராகவும், இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும் பதவி வகித்தார். பள்ளி மாணவர் எம்மொழியில் பாடம் கற்க வேண்டும், ஆங்கில அறிவியற் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களை எவ்வாறு உருவாக்க வேண்டும், ஆங்கிலத்தை எப்பயன் கருதிக் கற்க வேண்டும் ஆகிய வினாக்கள் இவரது பொதுவாழ்வு முழுவதும் தொடர்ந்து வந்தன. இக்கட்டுரை அவரது வாழ்வின் அப்பகுதியை விவரிக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டதால் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை தொரப்பள்ளியின் முன்சீப் ஆக இருந்தார். தாயார் சிங்காரம்மா. இராஜாஜி தொடக்கக் கல்வியை ஊரிலும் ஓசூரிலும் பெற்றார். பின்னர் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று சட்டப் பட்டம் பெற்றார்.

அவர் பயின்ற காலத்தில் உயர்நிலைப் பள்ளியின் பயிற்று மொழி ஆங்கிலமே. கணிதம், வரலாறு, அறிவியல் ஆகிய பாடங்களை மாணவர் ஆங்கிலத்திலேயே படித்துத் தேர்வு எழுதினர். இதனால் ஒரு மாணவன் புதிய கருத்தையும் அதனைக் குறிக்கும் அயன்மொழிச் சொல்லையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருந்தது. பொருள் விளங்காத இடத்தில் சொல்லை மனப்பாடம் செய்வதே வழக்கமாயிற்று.

சேலத்தில் வழக்கறிஞர்

1900ஆம் ஆண்டளவில் இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குறுகிய காலத்தில் பெயர் பெற்ற குற்றவியல் வழக்கறிஞரானார். 1911இல் சேலம் நகராட்சி உறுப்பினரான இவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்தபோது வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார்.

கலைச்சொல் முயற்சி

1916ஆம் ஆண்டு இராஜாஜி, வெங்கடசுப்பையருடன் இணைந்து சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை உருவாக்கினார். பரிபாஷை என்பது இன்று கலைச்சொல் என வழங்கப்படுவதாகும். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் ஆங்கிலச் சொற்களுக்கு எளிய தமிழ்ச் சொற்களைத் திரட்டுவது சங்கத்தின் நோக்கம். அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலாது என்ற எண்ணம் கற்றவரிடையே பரவியிருந்த காலம் அது. சொற்கள் இல்லை என்பதே அதற்கு முதற் காரணமாகக் கூறப்பட்டது. சொற்களைத் திரட்டிக் கொடுத்தால் அக்காரணம் நீங்கும் என்பது சங்கத்தாரின் கருத்து.

சங்கம் ஓர் இதழையும் வெளியிட்டது. சுப்பிரமணிய பாரதியார் இம்முயற்சியை வரவேற்று எழுதினார். எனினும் தமிழ்ச் சொற்களுக்கான இதழ் ஆங்கிலத்தில் நடத்தப்படுவதை அவர் ஏற்கவில்லை. இதழ் நீண்ட காலம் நீடிக்கவில்லை.

சொற்களை எம்மூலத்திலிருந்து ஆக்குவது என்ற சிக்கல் இதன் பின்னர் வலுப்பெற்றது. வழக்கில் உள்ள வடமொழிச் சொற்களையே கொள்ளலாம் என ஒரு சாராரும், தமிழ் வேர்களிலிருந்தே ஆக்க வேண்டும் என மற்றொரு சாராரும் வாதிட்டனர். ஆக்சிஜனைப் பிராணவாயு என்பதா உயிர்வளி என்பதா, பாடத்தின் பெயர் ரசாயனமா வேதியியலா, பௌதிகமா இயற்பியலா என்பன போன்ற வினாக்கள் பாடநூல் வரை சென்றன. 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட கலைச்சொற்கள் என்னும் நூலை 1938இல் வெளியிட்டது. 1940இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சொற்களுக்கு முதலிடம் தந்ததாகத் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சேலத்துச் சங்கம் இப்பணிகளுக்கு முன்னோடிகளுள் ஒன்று.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்

1925ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் திருச்செங்கோட்டிற்கு அருகில் புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அப்பகுதி 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியன ஆசிரமத்தின் முதன்மைப் பணிகள். 1929-30இல் மதுவிலக்குப் பரப்புரைக்காக விமோசனம் என்ற இதழ் இங்கிருந்து வெளிவந்தது. எழுத்தாளர் கல்கி அதன் ஆசிரியப் பணியில் துணைநின்றார். அதிகம் படிக்காத சிற்றூர் மக்களுக்காக எழுதப்பட்டமையால், எளிய தமிழும் படங்களும் இதழில் இடம்பெற்றன. பத்து இதழ்கள் வெளிவந்தன.

எளிய சொல்லால் கடினமான பொருளை விளக்கும் இந்நடையை இராஜாஜியின் அறிவியல் நூல்களிலும் காணலாம். திண்ணை ரசாயனம் வேதியியலையும், தாவரங்களின் இல்லறம் தாவரவியலையும் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்தின. இவரது இராமாயண நூலான சக்கரவர்த்தித் திருமகன் 1958இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

முதல் ஆட்சிக்காலம்

1937 சூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியைப் பயிற்று மொழியாக்கும் நடவடிக்கையும் இவ்வாட்சியில் மேற்கொள்ளப்பட்டது. சேலத்தில் சொல் திரட்டியபோது கொண்டிருந்த நோக்கத்திற்கு இது இசைவானது.

ஆனால் 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் முதல் மூன்று படிவங்களில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கிய ஆணை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இப்படிவங்கள் இன்றைய ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் ஆகும். தமிழும் ஆங்கிலமும் பயின்றுவந்த நடுநிலை மாணவர் மூன்றாவதாக ஒரு மொழியையும் அதன் எழுத்தையும் சொற்களையும் கற்கும் நிலை ஏற்பட்டது. பெரியார் ஈ. வெ. இராமசாமி, சோமசுந்தர பாரதியார் முதலியோர் போராட்டத்தில் முன்னின்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சிறைத் தண்டனை பெற்ற நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் 1939இல் நோயுற்று இறந்தனர். 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. 1940 பெப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய ஆணையை விலக்கிக்கொண்டார்.

இரண்டாம் ஆட்சிக்காலமும் கல்வித் திட்டமும்

1948 முதல் 1950 வரை தலைமை ஆளுநராக இருந்த இராஜாஜி, 1952 ஏப்ரலில் மீண்டும் சென்னையின் முதலமைச்சரானார். 1953இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகும் திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்த செலவில் கூடுதலான குழந்தைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது அரசின் விளக்கம். சாதித் தொழிலை நிலைநிறுத்தும் குலக்கல்வித் திட்டம் எனக் கூறி எதிர்ப்பாளர்கள் இதனைக் கண்டித்தனர். 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு இத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆங்கிலத்திற்கு ஆதரவு

அரசியலமைப்பின்படி 1965இல் ஆங்கிலத்தின் இடத்தை இந்தி பெற இருந்தது. 1955இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில், திருச்செங்கோட்டுப் பகுதியிலுள்ள குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப. சுப்பராயன் மாற்றுக் கருத்து தெரிவித்தார். இராஜாஜியும் இக்காலத்தில் தம் முந்தைய நிலைப்பாட்டிலிருந்து மாறி, இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். இந்தி பேசாத மாநிலத்து மாணவர் வேலைவாய்ப்பில் பின்தங்குவர் என்றும், ஆங்கிலம் அனைவருக்கும் சமதொலைவில் நிற்கும் மொழி என்றும் வாதிட்டார். ஆங்கிலம் பற்றிய இவரது கட்டுரைகள் 1962இல் நூலாக வெளிவந்தன.

1965ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது, 1938இல் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியவரும் எதிர்த்தவரும் எதிரெதிர் நிலைகளில் இருந்தனர். இராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்தார். பெரியார் அன்றைய காங்கிரசு அரசை ஆதரித்தார். இராஜாஜி 1959இல் நிறுவிய சுதந்திராக் கட்சி, 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தது. அத்தேர்தலில் வென்ற அண்ணாதுரை அரசு 1968இல் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது.

மதிப்பீடு

இராஜாஜி 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். மொழிக் கொள்கையில் அடிக்கடி மாறியவர் என இவரைக் குறைகூறுவோர் உண்டு. மாணவர் பொருள் உணர்ந்து கற்கத் தாய்மொழிச் சொல் வேண்டும், வெளியுலகத் தொடர்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்னும் இரு கருத்துகளும் இவரது பணிகளில் காணப்படுகின்றன. இவரது கட்டாய ஆணை இரண்டே ஆண்டுகளில் விலக்கப்பட்டது. சேலத்தில் தொடங்கிய சொல் திரட்டும் பணியோ பிறரால் தொடரப்பட்டு, தமிழ்வழிப் பாடநூல்கள் எழுதப்படத் துணைபுரிந்தது.