ஐம்பது சென்ட் புத்தகம்

தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி ஆங்கில அணிகளின் பெயர்களை உருப்போட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. உருவகம், முரண், வஞ்சப்புகழ்ச்சி என்று வரிசையாக எழுதி மார்க் வாங்கிவிடுவோம். இதெல்லாம் வாழ்க்கையில் எதுக்கு சார் என்று கேட்கும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது பிரெடரிக் டக்ளஸின் கதையைத்தான்.

டக்ளஸ் 1818-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எஜமானியம்மா எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். படித்த அடிமை கைக்குள் அடங்க மாட்டான் என்று அவர் கணவர் தடுத்துவிட்டார். பையன் விடவில்லை. தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டுக்கொண்டான். சுமார் 12 வயதில், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த 50 சென்ட்டில் 'கொலம்பியன் ஆரேட்டர்' என்ற புத்தகத்தை வாங்கினான். கேலப் பிங்கம் தொகுத்து 1797-இல் வெளிவந்த பேச்சுப் பயிற்சி நூல் அது. தப்பியோடிப் பிடிபட்ட ஓர் அடிமை, எஜமானனோடு வாதாடும் உரையாடல் அதில் உண்டு. எஜமானன் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக அடிமை உடைக்கிறான். கடைசியில் எஜமானனே அவனை விடுதலை செய்துவிடுகிறான். வார்த்தைக்கு இவ்வளவு வலுவா என்று அந்தச் சிறுவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

1838-இல் மாலுமி வேஷத்தில் தப்பி வடக்கே போனார். 1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசினார். பேச்சு நேர்த்தியாக இருந்ததே சங்கடமாயிற்று. இவராவது அடிமையாக இருந்தாராவது என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். கொஞ்சம் கொச்சையாகப் பேசுங்களேன் என்று கூட இருந்தவர்களே யோசனை சொன்னார்கள். அவர் இறங்கி வரவில்லை. 1845-இல் தன் வரலாற்றை எழுதி, எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் அச்சில் போட்டார். சந்தேகம் தீர்ந்தது, ஆனால் பிடித்துக்கொண்டு போக வருபவர்களுக்கு அதுவே அடையாளமும் ஆயிற்று. அயர்லாந்து, இங்கிலாந்து என்று கடல் தாண்டிப் போனார். அங்குள்ள நண்பர்கள் 1846-இல் பணம் கட்டி விடுதலை வாங்கித் தந்த பிறகே, 1847-இல் திரும்பினார்.

1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் அவர் ஆற்றிய சுதந்திர தின உரையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். முதலில் அந்நாட்டை நிறுவியவர்களை மனதாரப் புகழ்கிறார். ஆனால் நம் தேசம் என்று சொல்லாமல், உங்கள் தேசம், உங்கள் விழா என்றே பேசிக்கொண்டு போகிறார். அந்த ஒரு சொல்லிலேயே கேட்பவர்களுக்கு உறுத்த ஆரம்பித்திருக்கும். பிறகு, இந்த விழாவில் அடிமைக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியைப் போடுகிறார். அடிமை மனிதன்தான் என்று நான் வாதாட வேண்டுமா என்று மறுப்பதுபோல மறுத்து, அந்த மறுப்புக்குள்ளேயே வாதத்தை வைத்துவிடுகிறார். அடிமைக்கு எழுத்தறிவிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்களே, மாட்டுக்கு யாராவது அப்படிச் சட்டம் போடுவார்களா? பால்டிமோரில் பாடம் பாதியில் நின்ற பையன் கேட்கும் கேள்வி அல்லவா அது!

1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. டக்ளஸ் 1895-இல் மறைந்தார். அணிகளின் பெயர் மறந்துபோனால் பரவாயில்லை, தம்பி தங்கைகளே! பெயரையும் ஊரையும் போட்டு எழுதத் துணிந்தவர் கையில் அவை என்ன வேலை செய்தன என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.