மன்சூர் ஹல்லாஜும் இப்லீஸின் வாதமும்

குணங்குடி மஸ்தான் சாஹிப் திருப்பரங்குன்றம் மலையில் 40 நாள் கல்வத் இருந்ததை மதுரைப் பகுதியில் நாம் இன்றும் நினைவுகூர்கிறோம். இத்தகைய ஸூஃபிகளைப் பற்றிப் பேசும்போது மன்சூர் ஹல்லாஜின் பெயரும் வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் எழும்: ஆதம் (அலை) அவர்களுக்கு ஸஜ்தா செய்ய இப்லீஸ் மறுத்தது இறைக்காதலாலா?

ஹுஸைன் பின் மன்சூர் கி.பி. 858-இல் பாரசீகத்தில் பிறந்தார். ஹல்லாஜ் என்றால் பஞ்சு கொட்டுபவர் என்று பொருள். சிறுவயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். ஸஹ்ல் துஸ்தரீயிடம் பயின்றார். பக்தாதில் ஜுனைத் (ரஹ்) அவர்களின் தொடர்பும் கிடைத்தது. மூன்று முறை ஹஜ் செய்தார். குஜராத், சிந்து வரையும் பயணித்தார். அவருடைய பேச்சும் மக்களிடம் அவருக்கிருந்த செல்வாக்கும் அப்பாஸிய அரசவையின் கோபத்தைக் கிளறின. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்ட அவர், 922 மார்ச் 26 அன்று பக்தாதில் கொல்லப்பட்டார்.

அவருடைய 'கிதாபுத் தவாஸீன்' நூலில், அல்லாஹ்வைத் தவிர வேறெவருக்கும் தலைவணங்கமாட்டேன் என்று நின்று, அதற்காகச் சாபத்தையும் ஏற்றவனாக இப்லீஸ் பேசுகிறான். பின்னாளில் இமாம் கஸ்ஸாலியின் தம்பி அஹ்மத் கஸ்ஸாலி (மறைவு 1126) இந்தக் கருத்தை இன்னும் முன்னெடுத்துச் சென்றார். ஆனால் ஹல்லாஜின் அதே நூல் தொடங்குவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒளியைப் போற்றித்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மௌலானா ரூமியும் தம் மஸ்னவியில் இப்லீஸைக் காதலனாகப் பேச வைக்கிறார். அங்கே அவன் முஆவியா (ரலி) அவர்களைத் தொழுகைக்கு எழுப்புகிறான். துருவிக் கேட்டபோது உண்மை வெளிவருகிறது. தொழுகை தவறினால் அவர் படும் வருத்தத்துக்கும் நன்மை கிடைத்துவிடுமே என்ற பொறாமைதான் காரணம்!

குர்ஆனும் (7:12) இப்லீஸின் காரணத்தைத் தெளிவாகவே சொல்கிறது. தான் நெருப்பு, ஆதம் களிமண். ஆகவே தானே மேல் என்பதே அவன் வாதம். அதில் காதல் இல்லை, பெருமைதான் இருக்கிறது. ஆதம் (அலை) தவறியபோது வாதாடவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள்.

ஸூஃபிகளின் இந்தப் பேச்சை நாம் அகீதாவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; அதற்காக அவர்களை ஏசவும் வேண்டியதில்லை. நம் வீடுகளில் தவறைச் சுட்டிக்காட்டினால், 'என் நிய்யத் நல்லதுதான்' என்று வாதாடுகிறோமே, அப்போது நாம் யாருடைய பிள்ளைகளாக நடக்கிறோம் என்று யோசித்தால் போதும். அல்லாஹ் நம்மைப் பெருமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.