சாயம் ஏறாத மூளை

காசித்தும்பைச் செடியை வேரோடு எடுத்து, சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைக்கும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறும். அப்புறம் இலை நரம்புகளும் சிவக்கும். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சாயம் காட்டிக் கொடுத்துவிடுகிறது, இல்லையா?

இதே வேலையை உயிருள்ள விலங்குகளின் உடம்பில் செய்து பார்த்தார் ஒரு ஜெர்மானிய டாக்டர். உடம்பெல்லாம் சாயம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளையில் கட்டி வந்த சின்னக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க முயலும் டாக்டர்களை இன்றைக்கும் திணற வைப்பது அதே விஷயம்தான். அந்த ஜெர்மானியரின் பெயர் பால் எர்லிக்.

1854-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி ஸ்ட்ரெலன் என்ற சிறிய ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் எர்லிக் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. எர்லிக்கின் அம்மா வழிச் சொந்தத்தில் கார்ல் வைகெர்ட் என்ற அண்ணன் ஒருவர் இருந்தார். இவரைவிட ஒன்பது வயது மூத்தவர். அவரும் டாக்டர். நிலக்கரித் தாரிலிருந்து விதவிதமான சாயங்கள் தயாரிக்க அந்தக் காலத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். துணிக்கு ஏற்றும் அந்தச் சாயங்களை உடம்பின் திசுக்களுக்கு ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் வைகெர்ட். தம்பிக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது!

மருத்துவக் கல்லூரியில் மற்ற மாணவர்கள் பாடம் படித்துக்கொண்டிருக்க, எர்லிக் சாயப் புட்டிகளோடு உட்கார்ந்திருப்பார். மேஜை, விரல், சட்டை எல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்குமாம். சாயம் போடுவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் பரீட்சையில் தேறவே மாட்டான் என்று அவரை ஒரு விருந்தாளிக்கு அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். அந்த விருந்தாளிதான் பிற்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக். எர்லிக் பரீட்சையில் தேறினார். 1878-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். எதைப் பற்றி ஆய்வு எழுதி வாங்கினார் தெரியுமா? சாயம் ஏற்றுவதைப் பற்றித்தான்!

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார் கோக். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எர்லிக்கும் ஒருவர். அந்தக் கிருமியைக் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டும் நல்ல சாய முறையை உடனே தேட ஆரம்பித்தார். இரவில் கண்ணாடித் தகடுகளை அணைந்துபோன அடுப்பின் மேல் காய வைத்துவிட்டுப் போனாராம். காலையில் அது தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட்டார்கள். எல்லாம் பாழ் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், சூட்டில் சாயம் இன்னும் நன்றாகப் பிடித்திருந்தது! காசநோயைக் கண்டறிய இன்றைக்கும் சளியைக் கண்ணாடியில் தடவி, சூடு காட்டிச் சாயம் ஏற்றும் முறை உண்டு. அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிறகு எர்லிக்குக்கே காசநோய் வந்தது. அவர் எகிப்துக்குப் போய்த் தங்கி, தேறித் திரும்பினார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 1885-இல் எர்லிக் ஒரு புத்தகம் வெளியிட்டார். விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்தி, எந்த உறுப்பு எப்படி நிறம் மாறுகிறது என்று பார்த்து எழுதியது அது. பல சாயங்களில் ஒரு வேடிக்கையைக் கண்டார். மற்ற உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. இந்தச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளும் தன்மை மூளைக்கு இல்லை போலும் என்று அவர் நினைத்தார். மெழுகு பூசிய காகிதத்தில் மை ஒட்டாது அல்லவா, அதைப்போல. நியாயமான விளக்கம்தான். ஆனால் சரியான விளக்கம் அல்ல!

அதைக் கண்டுபிடித்தவர் எர்லிக்கோடு பழகிய எட்வின் கோல்ட்மன் என்ற அறுவை மருத்துவர். டிரைபான் நீலம் என்ற சாயத்தை அவர் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். எர்லிக் கண்டதுபோலவே மூளையில் நிறம் ஏறவில்லை. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. மூளையைச் சுற்றித் தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. சாயத்தை ரத்தத்தில் விடாமல், நேராக அந்தத் திரவத்தில் செலுத்தினார். மூளை நீலமாகிவிட்டது! இந்த முறை உடம்பின் மற்ற உறுப்புகள்தான் நிறம் மாறாமல் இருந்தன. இதை அவர் வெளியிட்டது 1913-இல்.

யோசித்துப் பாருங்கள். மூளை சாயத்தைப் பிடிக்காது என்பது உண்மையானால் இரண்டாவது சோதனையிலும் அது வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? மூளைக்குச் சாயம் பிடிக்கிறது. ரத்தத்திலிருந்து அதற்குள் போவதற்குத்தான் வழி இல்லை. நடுவில் ஏதோ ஒரு மதில் இருக்கிறது! கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்ட இந்த இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் சோதனையைச் செய்தவருக்கே இது தோன்றவில்லை, பார்த்தீர்களா?

இந்த இடைப்பட்ட காலத்தில் எர்லிக் உலகப் புகழ் பெற்றுவிட்டார். குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தின் வீரியத்தை அளந்து கொடுக்க வழி செய்தார். 1908-இல் மெச்னிகாஃப் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி நுழைந்தால் நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றும். அவை கிருமியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நம் உடம்பைத் தொடாது. அதேபோல் நோயை மட்டும் குறிபார்த்துத் தாக்கும் மருந்து வேண்டும் என்பது எர்லிக்கின் கனவு. அதற்கு மாயத் தோட்டா என்று பெயரும் வைத்தார். பிராங்பர்ட் நகரில் அவரும் உதவியாளர்களும் நூற்றுக்கணக்கான ரசாயனப் பொருள்களுக்கு எண் போட்டுச் சோதித்தார்கள். 606 என்ற எண்ணுள்ள பொருளைப் பயனில்லை என்று ஓர் உதவியாளர் ஒதுக்கி வைத்திருந்தார். 1909-இல் ஜப்பானிலிருந்து வந்த சஹாசிரோ ஹாட்டா அதை மறுபடி பொறுமையாகச் சோதித்தார். சிபிலிஸ் என்ற கொடிய தொற்றுநோயை அது குணப்படுத்தியது! 1910-இல் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் அந்த நோய் மூளைக்குப் பரவிவிட்டால் சால்வர்சான் திணறியது. எர்லிக்கின் சொந்தத் தோட்டாவே அந்த மதிலில் முட்டிக்கொண்டது! 1912-இல் நியூயார்க்கில் ஸ்விஃப்ட், எல்லிஸ் என்ற இரு டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நோயாளிக்குச் சால்வர்சான் ஊசி போட்டு, பிறகு அவருடைய ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து பிரித்த தெளிநீரை முதுகுத்தண்டின் வழியாக மூளைத் திரவத்தில் செலுத்தினார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாசல் வழியாகப் போக முடியாத மருந்துக்கு வேறு வழி தேடும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது.

எர்லிக் நாள் முழுதும் சுருட்டுப் பிடிப்பார். சுருட்டுப் பெட்டி அக்குளில் இடுக்கியபடியே இருக்கும். சாப்பாட்டை மறந்துவிடுவார். (இந்தச் சுருட்டுப் பழக்கத்தை மட்டும் நீங்கள் அவரிடமிருந்து கற்க வேண்டாம்!) 1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி, 61-ஆவது வயதில் காலமானார். பிராங்பர்டில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள். யூதர் என்பதற்காக நாஜிகள் அந்தப் பெயரை நீக்கினார்கள். வயதான அவர் மனைவி ஹெட்விக்கும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் பெயர் திரும்ப வந்தது. யூரோ வருவதற்கு முன்னால் ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் படம் இருந்தது.

மதில் எப்படி இருக்கிறது என்று 1967-இல்தான் தெரிந்தது. ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எலியின் மூளையைப் பார்த்தார்கள். உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்களுக்கு நடுவே சந்து இருக்கும். மூளையில் சந்தே இல்லை. செல்கள் இறுக்கமாக ஒட்டித் தைத்ததுபோல் இருந்தன. ரத்தத்தில் திரியும் நஞ்சும் கிருமியும் மூளைக்குள் போகாமல் காப்பது இந்த அமைப்புதான். காபியில் உள்ள காஃபீன் போன்ற சில சின்னப் பொருள்கள் மட்டும் நழுவி உள்ளே போய்விடும். பெரும்பாலான மருந்துகளால் முடியாது.

காவல் நல்லதுதான். ஆனால் எதிரி உள்ளேயே முளைத்துவிட்டால்? பிடரிக்கு நேர் உள்ளே, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. அரிதாகச் சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள், அங்கே ஒருவகைப் புற்றுக்கட்டி வருகிறது. ரவையில் கொட்டிய சர்க்கரையைப்போல் நல்ல செல்களோடு கலந்து பரவுவதால் வெட்டி எடுக்க முடியாது. கதிர்வீச்சு சில மாதங்கள் அடக்கி வைக்கும். அந்த மதில் அங்கே பெரும்பாலும் உடையாமல் நிற்பதால், ரத்தத்தில் ஏற்றும் மருந்தும் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. இந்த நோய் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிவதில்லை என்பதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

கோல்ட்மன் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மதிலைத் தாண்ட முடியாவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகலாமே! 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். முடிபோன்ற மெல்லிய குழாயை மூளைக்குள் வைத்து, பம்பு மூலம் மிக மிக மெதுவாக மருந்தைத் தள்ளுவது. சொட்டு நீர்ப் பாசனத்தில் மண் நனைவதைப்போல், செல்களுக்கு இடையே மருந்து ஊறிப் பரவும். வேகமாகத் தள்ளினால் குழாயின் ஓரமாகவே பின்னால் வழிந்துவிடும். அதனால் மணிக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 2012 முதல் 2016 வரை, மூளைத்தண்டுக் கட்டி இருந்த 28 பிள்ளைகளுக்கு இந்த முறையில் மருந்து செலுத்தினார்கள். இது முதல் கட்டச் சோதனை. நோயைக் குணமாக்குகிறதா என்பதைவிட, இப்படிச் செலுத்துவது ஆபத்தில்லாததா என்று பார்ப்பதே நோக்கம். ஆபத்தில்லாமல் செய்ய முடியும் என்று 2018-இல் அறிவித்தார்கள். நோயை ஒழிக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்த மருந்து என்ன தெரியுமா? கட்டியின் செல்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள், அதன் முதுகில் கதிர் வீசும் அயோடின். எர்லிக்கின் மாயத் தோட்டாவேதான்! அந்த அயோடினே ஸ்கேனில் தெரிந்து, மருந்து எங்கே போனது என்று சாயம்போலக் காட்டியது. உடம்பின் மற்ற பாகங்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான கதிர்வீச்சு கட்டி இருந்த இடத்துக்குக் கிடைத்திருந்தது. கட்டி முழுவதும் நனைய ஒரு குழாய் போதுமா, ஒரே குழந்தைக்கு எத்தனை முறை செலுத்தலாம், எந்த மருந்து சரியானது என்று டாக்டர்கள் தொடர்ந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.