புகலிடம் தந்த பாரிஸும் சதுரங்க சாம்பியன் அலெகினும்

உலக சதுரங்கப் பட்டத்தை வைத்திருந்த நிலையிலேயே உயிரிழந்த ஒரே வீரர் அலெக்சாண்டர் அலெகின். மாஸ்கோவில் 1892இல் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், புரட்சிக்குப் பின்னர், 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறிப் பாரிஸில் குடியேறினார்.

லா ஷப்பல் பகுதியில் பிற்காலத்தில் ஈழத்தமிழர் கடைவீதி உருவானதைப் போலவே, அன்று ரஷ்ய அகதிகள் பலருக்கும் பாரிஸ் புகலிடமாக இருந்தது. அங்கு 1925இல், பலகையைப் பாராமலே ஒரே நேரத்தில் 28 பேருடன் மோதிய அலெகின், 22 ஆட்டங்களில் வென்றார். 1927இல் பியூனஸ் அயர்ஸில், 34 ஆட்டங்கள் நீடித்த போட்டியில் கியூபாவின் கபபிளாங்காவைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார். 1935இல் நெதர்லாந்தின் மாக்ஸ் யூவேயிடம் இழந்த பட்டத்தை 1937இல் மீட்டெடுத்தார்.

1940இல் பாரிஸ் ஜெர்மனியின் வசமானது. அங்கு ஆக்கிரமிப்பாளர்கள் நடத்திய ஜெர்மன் மொழி நாளிதழில், யூத வீரர்களின் ஆட்டத்தை இழிவுபடுத்தும் கட்டுரைகள் 1941இல் அலெகினின் பெயரில் வெளியாகின. தமது எழுத்து திரிக்கப்பட்டதாக யுத்தத்தின் பின்னர் அவர் விளக்கமளித்தார். எனினும் பலர் அதனை ஏற்கவில்லை. போட்டிகளுக்கான அழைப்புகள் மீளப் பெறப்பட்டன.

சோவியத் வீரர் போட்வின்னிக்குடன் பட்டப் போட்டி நடத்த ஏற்பாடுகள் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், 1946 மார்ச்சில், போர்த்துக்கலின் எஸ்டோரில் நகர விடுதி அறையொன்றில் அவர் தனிமையில் இறந்தார். 1956இல் அவரது உடல் பாரிஸின் மோன்பர்னாஸ் மயானத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அவரது ஆட்டங்களைச் சதுரங்கம் கற்போர் இன்றும் பயில்கின்றனர். அந்தக் கட்டுரைகள் குறித்த கேள்வியும் அவரது பெயரை விட்டு அகலவில்லை.