வேலை கேட்டு வந்த கணித மேதை

1910-ம் ஆண்டு. விழுப்புரத்துக்கு மேற்கே உள்ள திருக்கோவிலூர். அங்கே துணைக் கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர். கல்யாணமும் ஆகிவிட்டது, கையில் காசு இல்லை. ஒரு குமாஸ்தா வேலை கேட்டார்.

அவர்தான் ராமானுஜம். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர்.

அய்யரும் கணக்கில் புலி. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர். இளைஞரின் நோட்டைப் புரட்டினார், அசந்துபோனார். ஆனால் வேலை கொடுக்கவில்லை! கச்சேரியில் போட்டால் இந்த மூளை பாழாகிவிடும் என்று எண்ணி, சிபாரிசுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பினார். பசியோடு வந்தவருக்கு அப்போது எப்படி இருந்திருக்குமோ!

மறு ஆண்டு, சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜம் ஒரு கணக்குப் போட்டார்.

√(1+2√(1+3√(1+4√(1+…

இப்படி முடிவே இல்லாமல் போகும் கணக்கு. மாதங்கள் ஓடின. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடை சொன்னார். வெறும் 3!

பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். ஓர் எண்ணை, அதைவிட 2 கூடிய எண்ணால் பெருக்கி 1 சேர்த்தால், நடு எண்ணின் வர்க்கம் வரும். 2-ஐ 4-ஆல் பெருக்கி 1 சேர்த்தால் 9. அதன் வர்க்கமூலம் 3. அந்த 4 எங்கிருந்து வந்தது? 3-ஐ 5-ஆல் பெருக்கி 1 சேர்த்தால் 16. அதன் மூலம் 4. அந்த 5-ஐயும் இப்படியே விரிக்கலாம். பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். 1914-ல் கப்பலேறி இங்கிலாந்து போனார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோயோடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது 32.