ஒருபுறமே சுழன்ற சக்கரம்: பிளேய்ஸ் பாஸ்கால்

இளமையிலே புகழெய்தி இளமையிலேயே மறைந்த கணித மேதையருள் பிரான்சு நாட்டுப் பிளேய்ஸ் பாஸ்கால் ஒருவர். இவர் 1623ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆந் திகதி கிளேர்மோன் நகரிற் பிறந்தார். மூன்று வயதில் அன்னையை இழந்த மைந்தனைத் தந்தையார் எத்தியென் தாமே கற்பித்து வளர்த்தார். பதினாறு வயதில் இவர் கூம்பின் வெட்டுமுகங்களைக் குறித்து எழுதிய கட்டுரை 1640இல் அச்சேறியது.

அவ்வாண்டிலே தந்தையார் வரி அலுவலராய் ரூவான் நகரை அடைந்தார். அந்நாட்டு நாணயக் கணக்கோ எளிதன்று. பன்னிரண்டு தெனியே ஒரு சூ. இருபது சூ ஒரு லீவர். ஓயாத கூட்டலிலே தந்தையார் படும் இடரைக் கண்ட மைந்தர், 1642இல், தமது பத்தொன்பதாம் வயதில், கணக்கிடும் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். ஐம்பதளவான மாதிரிகளைச் செய்து பார்த்தபின், 1645இல் அதனை உலகறியச் செய்தார்.

ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. ஓரிடத்தில் பத்து நிறைந்ததும் அடுத்த இடத்துக்கு ஒன்றை ஏற்றும் அமைப்பினால், சக்கரங்கள் ஒருபுறமே சுழன்றன. கூட்டலாம், பின்னோக்கிச் சுழற்றிக் கழிக்க இயலாது. பாஸ்கால் சக்கரத்தோடு போராடினாரல்லர். நிரப்பி எண்ணைக் கொண்டு கூட்டலையே கழித்தலாக்கினார். 52இலிருந்து 17ஐக் கழிப்போம். 99இலிருந்து 52ஐ நீக்கின் 47. அதனோடு 17ஐக் கூட்டின் 64. மீண்டும் 99இலிருந்து அதனை நீக்கின் 35. இதுவே விடை. எண்ணையும் அதன் நிரப்பியையும் காட்டும் இருவரிசைகள் பொறியிலேயே இருந்தமையால், நிரப்பியைத் தனியே கணித்தல் வேண்டியதில்லை.

பாஸ்கால் துவித எண்களைக் கையாண்டாரல்லர். ஆயினும் இன்றைய கணினியில் நிகழ்வது இக்கருத்தே. 0, 1 என்னும் இரண்டையன்றிக் கழித்தற்குறியை எழுத அதற்கு மூன்றாவதோர் அடையாளம் இல்லை. எட்டு இடங்களில் 5 என்பது 00000101. இலக்கங்களை மாற்றின் 11111010. இஃது ஒன்றின் நிரப்பி. 1 கூட்டின் 11111011. இதுவே இரண்டின் நிரப்பி முறையில் மறை ஐந்து. இதனோடு 5ஐக் கூட்டுக: எட்டிடமும் 0 ஆகும், எஞ்சிய 1 எல்லைக்கு அப்பால் வீழும். சீ என்னும் கணினிமொழி முன்னர் மறை எண்களை எழுத மூன்று முறைகளுக்கு இடந்தந்தது. 2024இல் வெளிவந்த அதன் தரநிலை இவ்வொரு முறையையே விதித்தது.

1654இல் பெர்மாவுடன் நடத்திய கடிதத் தொடர்பினால் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலிய பாஸ்கால், அவ்வாண்டிறுதி முதல் இறைநெறியிலே பெரிதும் ஈடுபட்டார். நெடுநாள் நோயுற்றிருந்த அவர், 1662ஆம் ஆண்டு ஓகத்து 19ஆந் திகதி பாரிசு நகரில், முப்பத்தொன்பதாம் வயதிற் காலமானார்.

தமிழ் கற்பிக்கும் யான் கணித மேதையொருவரைக் குறித்து எழுதப் புகுந்தது ஓர் உண்மையை நினைந்தே. தந்தையின் சுமையைக் குறைக்க விழைந்த அன்பு பொறியை ஆக்கியது. பொறியின் குறை வழியொன்றைக் காட்டியது. மாணவர்காள்! நுங்கள் கையிலுள்ள கருவி ஒருபுறமே சுழலுமாயின், அதனை வெறுத்து ஒதுக்காதீர். அப்புறத்தே சென்று முடிவை அடையும் வழியை நாடுமின்.