யாரும் கேட்காத யாழ்



மாலையில் நம் மாடிப்படி ஏறும்போது ஒரு வீட்டில் வீணைப் பாடம், அடுத்த வீட்டில் கீபோர்டு, அதற்கடுத்து குக்கர் விசில். காதில் விழுவதால் இவற்றை அறிகிறீர்கள். உயிரோடிருக்கும் யாருமே கேட்டிராத ஓசையை எப்படி அறிவது? அதற்கு வழி தேடியவர் விபுலானந்த அடிகள்.

இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892-ல் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். தமிழில் பண்டிதர் தேர்வில் தேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் பெற்றார். பள்ளியில் அறிவியல் கற்பித்தார். 1924-ல் ராமகிருஷ்ண மடத்தில் துறவியானார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

சங்கப் பாடல்களிலும் சிலப்பதிகாரத்திலும் யாழைப் பற்றி நிறையப் படிக்கிறோம். ஆனால் அதை மீட்டும் மரபு எப்போதோ அறுந்துவிட்டது. அடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டார். யாழாசிரியனின் திறமையைச் சொல்லும் சில அடிகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். நரம்புகளைச் சுருதி சேர்க்கும் முறை பாட்டில் இருந்தது. அதன் கணக்கு இயற்பியலில் இருந்தது. தந்தியைச் சரிபாதியாக்கினால் மேல் ஸட்ஜம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். பழந்தமிழ், அறிவியல் இரண்டும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு அது. யாழின் உறுப்புகள், பாலைகள், பண்கள், தேவாரம் என ஏழு இயல்களில் 'யாழ் நூல்' உருவானது.

அவர் கணித்த ஓசை சரிதானா என்று சொல்ல, பழைய யாழைக் கேட்டவர் எவரும் இல்லை. ஆனால் தம் கணக்கை அவர் நூலில் எழுதி வைத்தார். ஏற்பவரும் மறுப்பவரும் அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19-ல், அடிகள் மறைந்தார். வயது 55.

உங்கள் வீட்டில் வீணையோ கிட்டாரோ இருந்தால் இன்று மாலை ஒரு தந்தியை மீட்டுங்கள். பிறகு சரிபாதியில் விரல் வைத்து மீட்டுங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடிகளின் கணக்கு தொடங்கும் இடம் அதுதான்.